குடலைக் கழுவியவர்களே குளிசையும் விற்றார்கள்

நெடுநாள் மலச்சிக்கலுக்கு ஆறுதல் தேடி, கடந்த மாசி மாதம் யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கமுள்ள ஒரு தனியார் நிலையத்துக்குப் போனேன். அங்கு வெள்ளை மேலங்கி அணிந்திருந்த ஒருவர், "ஐயா, உங்கட குடல் சுவரிலை பத்து வருசக் கழிவு ஒட்டிக் கிடக்குது" என்று சொல்லி, குழாய் வழியாக நீர் செலுத்தி ஆறு முறை கழுவுவதற்கு 36,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் குளிசை எடுப்பவன் நான். அதை அவர் கேட்கவுமில்லை, எனக்குச் சொல்லத் தோன்றவுமில்லை.

நான்கு நாளுக்கு ஒருமுறை கழுவினார்கள். மூன்றாம் முறைக்குப் பின் வயிற்றுப் பொருமலும் வயிற்றோட்டமும் கால் இழுப்பும் தொடங்கின. முறையிட்டபோது, "நல்ல பற்றீரியாவும் சேர்ந்து போயிருக்கும், அதைத் திருப்பி நிரப்ப வேணும்" என்று 14,500 ரூபாய்க்கு ஒரு குளிசைப் போத்தலை நீட்டினார்கள். நஞ்சு மட்டுமே வெளியேறும் என்று முதல்நாள் உறுதி கூறியவர்கள் இவர்கள்தான்.

போதனா வைத்தியசாலையில் இரத்தம் சோதித்தபோது பொட்டாசியம் என்ற உப்பு குறைந்திருந்தது. நீர் போகும் குளிசையும் வயிற்றோட்டமும் அதை உடலிலிருந்து வெளியேற்றக்கூடியவை. குடலின் உட்சுவர்க் கலங்கள் சில நாட்களுக்குள் உதிர்ந்து புதிதாகிவிடுவதால், பத்து வருடக் கழிவு அங்கே ஒட்டியிருக்க வழியில்லை என்று வைத்தியர் பொறுமையாக விளக்கினார். அதன்பின் நானே தேடி வாசித்தேன். பெருங்குடலுக்குள் கமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலனொஸ்கொபிக்கு முன் கொடுக்கப்படும் பேதி மருந்தை 23 ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துச் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்றில், குடல் நுண்ணுயிர்களின் மொத்த அளவு உடனடியாக 31 மடங்கு குறைந்ததுடன், ஐந்தில் ஒருவரிடம் அவரவர்க்கே உரிய நுண்ணுயிர்ச் சேர்க்கையின் அடையாளமும் மறைந்திருந்தது. எனினும் 14 நாட்களுக்குள் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடித்தவர்களில் குழப்பமும் குறைவாகவே இருந்தது. எனவே வைத்தியர் கொலனொஸ்கொபிக்கு எழுதித் தந்தால் எவரும் அஞ்ச வேண்டாம். நோயைக் கண்டறிவதற்காக ஒருமுறை செய்யப்படுவது அது. என் குடலுக்கோ, தேறுவதற்கான அந்த இரண்டு வாரமே கிடைக்கவில்லை.

எங்கள் அம்மம்மா ஆமணக்கெண்ணெய் தந்து பேதியாக்கியதும் ஆண்டுக்கு ஒருமுறைதான். அன்று முழுவதும் கஞ்சியும் மோரும் தந்து எங்களைப் படுக்க வைத்துவிடுவார்.

நுண்ணுயிர்கள் குறைவதைவிடப் பெரிய ஆபத்து, குடல் கழுவும் அந்தக் குழாயிலேயே இருக்கிறது. 1978க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஒரே நிலையத்தில் குடல் கழுவிக்கொண்ட 36 பேருக்காவது அமீபா நோய் தொற்றி, அவர்களில் 6 பேர் இறந்தார்கள். எனக்குப் பயன்படுத்திய குழாயை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டபோது கிடைத்த விடை, "சுடுதண்ணியிலை கழுவுறம்" என்பதுதான்.

அந்தப் போத்தலை நான் வாங்கவில்லை. வைத்தியர் சொன்னபடி குரக்கன் பிட்டு, முருங்கையிலை, பயறு என்று நார்ச்சத்துள்ள உணவைக் கூட்டினேன். அந்த நாரைப் புளிக்கவைத்தே குடல் பற்றீரியாக்கள் உட்சுவருக்கு உணவாகும் அமிலங்களை உண்டாக்குகின்றன. வயிறு மூன்றாம் வாரத்தில் தேறியது.

செய்யாத மூன்று முறைக்கான பணத்தை இன்றுவரை திருப்பித் தரவில்லை. பற்றுச்சீட்டில் "சேவைக் கட்டணம்" என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். சிகிச்சையின் பெயரோ செய்தவரின் பதிவு எண்ணோ அதில் இல்லை. அந்தச் சீட்டின் பிரதியுடன் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். இப்படி ஏமாந்தவர்கள் அச்சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.