கிம்ப்புக்குத் துணை: டிஜிகாமா, ஷாட்வெல்லா?

உபுண்டு லினக்ஸில் கிம்ப் என்ற படத்திருத்தி வைத்திருக்கிறீர்கள், படங்களோ மூன்று வன்தட்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. கிம்ப் ஒரு படத்தைத் திருத்தும், அவ்வளவுதான். நாலாயிரம் படங்களில் தங்கையின் கல்யாணப் படம் எங்கே என்று தேடித்தர அதற்குத் தெரியாது.

அந்த வேலைக்கு, அதாவது படங்களை ஒழுங்குபடுத்தித் தேடித்தர, இருக்கும் நிரல்கள்தான் ஷாட்வெல்லும் டிஜிகாமும். ஷாட்வெல் சின்னது, சட்டென்று நிறுவிவிடலாம். கேடிஈ, க்னோம் இரண்டும் லினக்ஸின் வெவ்வேறு மேசைத்தளச் சூழல்கள். டிஜிகாம் கேடிஈ குடும்பத்துப் பிள்ளை என்பதால், க்னோம் கணினியில் போட்டால் தன் சொந்தபந்த நிரல் நூலகங்களையெல்லாம் கூடவே கூட்டிக்கொண்டு வரும். ஆனால் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும்.

உண்மையான வித்தியாசம் கிம்ப்போடு சேரும்போதுதான் தெரியும். ஷாட்வெல்லில் வெளித் திருத்தியாக கிம்ப்பைக் குறித்துவிட்டால், அது மூலப்படத்தைத் தொடாமல் ஒரு நகலைத்தான் அனுப்பும். கிம்ப்பில் வழக்கமான 'சேமி'யை அழுத்தினால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்புதான் கிடைக்கும், அது ஷாட்வெல்லில் தெரியாது, அதனால் 'மேலெழுது' கட்டளையைப் பயன்படுத்துங்கள் (எனக்கு இது புரிய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது). டிஜிகாமில் உங்கள் கோப்புறையே ஆல்பம். கிம்ப்பில் வேறு பெயரில் அதே இடத்தில் ஏற்றுமதி செய்தால் பழைய படத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். ஆனால் நேரடியாகத் திறந்து மேலெழுதினால் மூலப்படம் போயே போச்சு.

முகம் அடையாளம் காண்பது, குறிச்சொற்களை எக்ஸ்எம்பி கோப்பில் (படத்தைப் பற்றிய தகவல்களை வைக்கும் தனிக் கோப்பு) எழுதுவது எல்லாம் டிஜிகாமில் விரிவாக இருக்கின்றன. சில நூறு படங்கள்தான் என்றால் ஷாட்வெல் போதும். நான் டிஜிகாம் பக்கம்தான், அதன் அமைப்புகள் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றினாலும் சரி.