பதினோரு சீசன், ஒரு வின்செஸ்டர் 94

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 150 கஜத்துக்கு மேல் சுட ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தத் துப்பாக்கி சரிவராது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்த போல்ட் ஆக்‌ஷன், அதாவது பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி, வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கிறது.

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கிய இரண்டாம் வருடம், பழைய துப்பாக்கிகள் விற்கும் கடையில் இந்த மாடல் 94-ஐ வாங்கினேன். .30-30 தோட்டா, 20 அங்குலக் குழல். சீரியல் எண் 20 லட்சத்தைத் தாண்டியது. சரியாக 20 லட்சமாவது துப்பாக்கியை 1953-ல் அதிபர் ஐசனோவருக்குக் கொடுத்தார்கள். என்னுடையது அதற்குச் சற்றுப் பின்னால் பிறந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த மாடலில் மொத்தம் 70 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள், அதனால் அபூர்வப் பொருள் எல்லாம் இல்லை. ஆனால் 1964-க்கு முந்தையது என்றால் விலை ஏறிவிடும். அந்த வருடம் செலவைக் குறைக்க, உள்ளே சில பாகங்களைக் கடைந்து செய்வதை விட்டுத் தகட்டில் அடித்துச் செய்ய ஆரம்பித்தார்கள். இரண்டையும் கையில் வாங்கி லீவரை (விசையைச் சுற்றி இருக்கும், தோட்டா ஏற்றும் கைப்பிடி) ஒருமுறை இறக்கி ஏற்றினால் வித்தியாசம் காதிலேயே தெரியும். பிந்தையது கலகலக்கும்.

எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் சுடுவதில் இல்லை, தூக்கி நடப்பதில். எடை மூன்று கிலோதான். பக்கவாட்டில் போல்ட் கைப்பிடி, அடியில் மேகசின் (தோட்டாக்கள் நிற்கும்) பெட்டி என்று எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது. மலைச்சரிவில் லாரல் புதருக்குள் நுழையும்போது இதன் அருமை தெரியும். ரிசீவருக்கு (இயந்திரப் பாகங்கள் இருக்கும் நடு உடல்) அடியில் நான்கு விரல் அகலத்துக்குக் கருநீலப் பூச்சு தேய்ந்து இரும்பு வெள்ளையாக மின்னுகிறது. எனக்கு முன்னால் யாரோ பல வருடம் அங்கேயே பிடித்து நடந்திருக்கிறார். எடை சமமாக நிற்கும் இடம் அது. முதல் நாளே என் கையும் தானாக அங்கேதான் போனது.

இந்த மாநிலத்தில் மானுக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறுவது) கூடாது. அடுத்த தோட்டா சீக்கிரம் வேண்டும் என்றால் லீவர் ஒரு நல்ல வழி. ஆனால் அதை முழுசாக, தயங்காமல் இழுக்க வேண்டும். மூன்றாவது சீசனில், முதல் குண்டு தவறியும் மான் ஓடாமல் நின்றது. சத்தம் கேட்கக்கூடாதே என்று லீவரைப் பூப்போல இறக்கினேன். பாதியில் நிறுத்தி ஏற்றியதில் தோட்டா குறுக்கே மாட்டிக்கொண்டது. நான் அதை நகத்தால் நோண்டிக்கொண்டிருக்க, மான் சாவகாசமாக நடந்து போனது.

குறைகள் உண்டு, கொஞ்சம் அல்ல. சுடும் குழலுக்கு அடியில் இருக்கும் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கூர்முனைக் குண்டு போட்டால் முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரை (அடியில் இருக்கும், தட்டினால் வெடிக்கும் பொட்டு) அது குத்தக்கூடும். அதனால் தட்டை முனைக் குண்டுதான், அல்லது இப்போது வரும் மெத்தென்ற பாலிமர் முனை. தட்டை முனை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், தூரம் போகாததற்கு அதுவும் ஒரு காரணம். காலிக்கூடு மேல்பக்கமாகத் தெறிப்பதால் நடுவில் ஸ்கோப் வைக்க முடியாது. (மார்லின் 336 என்ற இன்னொரு லீவர் துப்பாக்கியில் பக்கவாட்டில் விழும், அவர்களுக்குக் கவலை இல்லை.) நாற்பத்தைந்து தாண்டியதும் பின் குறிக்காடி (குழல்மேல் குறிபார்க்க உதவும் பின்பக்கக் காடி) எனக்கு மங்கிவிட்டது. ரிசீவரில் ஏற்கெனவே இருந்த துளைகளில் சிறு துளை வழியே குறிபார்க்கும் ஒரு துவாரக் குறிக்காடியைப் பொருத்தினேன், சமாளிக்கிறேன்.

பெரிய தொல்லை, தோட்டாவை இறக்குவது. ஏற்றிய துப்பாக்கியை வண்டியில் வைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் இருட்டியதும் வண்டியருகே நின்று ஒவ்வொரு தோட்டாவையும் லீவரால் அறைக்குள் ஏற்றித்தான் வெளியே தள்ள வேண்டும். விரல் விறைத்த குளிரில், குழலைத் தரைப்பக்கம் காட்டிக்கொண்டு, விசையைத் தொடாமல். தனிப் பாதுகாப்புப் பொத்தானும் கிடையாது. பின்னால் இருக்கும் சுத்தியலை (தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகம்) கட்டைவிரலால் பிடித்து மெல்ல ‘ஹாஃப் காக்’ என்ற பாதி நிலைக்கு இறக்க வேண்டும். கையுறையோடு அதைச் செய்யவே மாட்டேன். புதிதாக வருகிறவர்கள் வெற்றுத் துப்பாக்கியில் நூறு தடவையாவது பழகுங்கள்.

இந்தத் தொல்லையில் சலித்து, போன வருடம் விற்றுவிடலாம் என்று கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடியில் பூச்சு போய்விட்டதே சார், அதற்குக் கொஞ்சம் குறைப்பேன்” என்றார். சரி என்று உறைக்குள் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.