காய்ச்சல் வந்தால் எங்கே போவது? கானாவின் இரண்டு வாசல்கள்

கானாவின் வடக்கே ஒரு கிராமத்தில் குழந்தைக்குக் காய்ச்சல். அம்மாவுக்கு முன்னால் இரண்டு வழிகள்: ஊர்ச் சுகாதார நிலையம், இல்லையென்றால் ‘கெமிக்கல் ஷாப்’ என்கிற மருந்துக்கடை.

நிலையத்தை அங்கே CHPS என்ற ஆங்கிலச் சுருக்கத்தால் ‘சிப்ஸ்’ என்கிறார்கள் (தின்பண்டம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல). 1994இல் வடக்கே உள்ள நவ்ரோங்கோ நகரில் தொடங்கிய சோதனை முயற்சியிலிருந்து வளர்ந்த திட்டம் இது. செவிலியர் ஊரிலேயே தங்குவார், வீடுவீடாகவும் போவார். விரல்நுனி ரத்தத்தைச் சோதித்து மலேரியாவா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். தடுப்பூசியும் அங்கேதான். 2003 சட்டப்படி வந்த தேசிய மருத்துவக் காப்பீட்டில் 18 வயதுக்குட்பட்டோருக்குச் சந்தா கிடையாது. ஆனால் காப்பீட்டு அட்டையை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நிலையத்தில் மருந்து தீர்ந்துபோனால், கைக்காசு போட்டு வெளியே வாங்க வேண்டியதுதான்.

கடை? இரவிலும் கதவைத் தட்டலாம், கடன் சொல்லலாம், இரண்டே மாத்திரையும் வாங்கலாம். விதைப்புக் காலத்தில் அரைநாள் வேலையை விட முடியாதவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் கடைக்காரர் உரிமம் வைத்திருந்தாலும் மருந்தாளுநர் அல்ல. சோதிக்காமல் மலேரியா மாத்திரை கொடுத்துவிட்டால், உள்ளே நிமோனியா இருந்தாலும் தெரியாது.

பெரியவருக்குத் தலைவலி என்றால் கடை போதும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், நடை தூரமானாலும் சரி, நான் நிலையத்துக்கே போகச் சொல்வேன்.