"சூடாத்தான் இருக்கும், அசையாதீங்க" என்றார்கள். அம்மாவின் கை வீங்கிப்போனது

உள்ளுறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசி வழியாக ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவுவது இயல்பு. ஊசி குத்திய இடத்தில் வலியும் எரிச்சலும் வருவது இயல்பு இல்லை. என் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவர் கத்தியபோது கேட்க வேண்டியவர்களும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். வயிற்றுவலி விடாமல் இருந்ததால் டாக்டர் கான்ட்ராஸ்ட் போட்டு வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து எப்படித் தயாராக வேண்டும் என்று கேட்டேன். "வெறும் வயித்துல வாங்க. வழக்கமா போடுற மாத்திரையெல்லாம் போட்டுக்கலாம்" என்றார்கள். சர்க்கரை இருக்கிறது என்று நானாகவே சொன்னதற்கு, "பரவாயில்ல, எல்லாருக்கும் அதேதான்" என்று வைத்துவிட்டார்கள்.

கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். எங்களுக்குக் கொடுத்த நேரம் காலை, உள்ளே கூப்பிட்டது மதியம். காத்திருந்த இடத்திலேயே அம்மாவுக்கு நெற்றி வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். கவுன்டரில் போய்ச் சொன்னால், "குடிச்சிட்டாங்களா? அப்போ இன்னும் லேட்டாகும்" என்கிறார்கள்.

இத்தனைக்கும், இப்போது புழக்கத்தில் இருக்கும் கான்ட்ராஸ்ட் மருந்துகளுக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை என்றுதான் ஐரோப்பிய யூரோஜெனிட்டல் ரேடியாலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. பல இடங்களில் இன்னும் சில மணி நேரம் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். சரி, சென்டர் சொல்கிறபடி இருந்துகொள்ளலாம். ஆனால் தண்ணீர் குடிக்கலாமா என்பதையும், சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ அன்று எவ்வளவு, எப்போது என்பதையும் உங்கள் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். காலையில் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

அடுத்து அந்தப் படிவம். "இங்க, இங்க, கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினார்கள். வாங்கிப் படித்தால் தூக்கிவாரிப் போட்டது. முன்பு கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, சர்க்கரை உண்டா, தைராய்டு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருந்தார்கள். அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல்! சர்க்கரை என்ற வரியை அடித்துத் திருத்தச் சொல்லிவிட்டு, கோப்பில் இருந்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டை, அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவை, எடுத்துக் காட்டினேன். அதுவரை யாரும் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை.

அந்தக் கேள்விகள் ஒன்றும் சும்மா சடங்குக்குக் கேட்பவை இல்லை. முன்பு இதே வகை மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், மறுபடி அப்படி ஆக வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதோ, வேறு மருந்தோ, வேறு ஸ்கேனோ யோசிக்க வேண்டியிருக்கும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்தும் ஆகாது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது சரியில்லை, இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கிரியாட்டினினை வைத்து சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடுவார்கள், இ.ஜி.எஃப்.ஆர். என்பது அதுதான். அது 30-க்குக் கீழே இருந்தாலோ சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டிருந்தாலோ, ஸ்கேன் சமயத்தில் மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே மறுபடி தொடங்கச் சொல்கிறது அமெரிக்க ஸ்கேன் டாக்டர்களின் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதால் அல்ல. கான்ட்ராஸ்ட் மருந்தால் சிறுநீரகம் மேலும் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடம்பில் தங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடிவிடும் என்பதால். அம்மாவின் அளவு நன்றாகவே இருந்தது. ஆனால் அது அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பிறகு ஊசி. முழங்கை மடிப்பில் குத்திப் பார்த்து நரம்பு கிடைக்கவில்லை என்று புறங்கையில் போட்டார்கள். கொஞ்சம் சலைன் ஏற்றி ஊசி சரியாக நிற்கிறதா என்று பார்த்ததாகத் தெரியவில்லை. இந்த மருந்தைக் கையால் மெல்ல ஏற்றுவதில்லை. இயந்திரம் நொடிக்கு 2, 3 மில்லி வேகத்தில் தள்ளும், சில ஸ்கேன்களுக்கு அதைவிட வேகமாகவும். மொத்தம் 100 மில்லி அளவுக்குப் போகலாம். ஊசி ரத்தக்குழாயை விட்டு நழுவியிருந்தால் அத்தனையும் தோலுக்கு அடியில்தான் போகும்.

நான் வெளியே கதவருகில் நின்றிருந்தேன். "தம்பி, கை எரியுது தம்பி, நிறுத்துங்க" என்ற அம்மாவின் குரல் கேட்டது. "அப்படித்தாம்மா சூடா இருக்கும், அசையாதீங்க" என்று ஸ்பீக்கரில் பதில். அம்மா மறுபடி கத்தினார். மறுபடி அதே பதில். வெளியே வந்தபோது புறங்கை மணிக்கட்டைத் தாண்டி உப்பியிருந்தது. தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்து, தொட்டால் சில்லென்று இருந்தது. விரல்களை மடக்க முடியவில்லை.

"ரெண்டு நாள்ல வத்திடும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டெக்னீஷியன். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்போதுதான் தெரிந்தது, ரேடியாலஜிஸ்ட் வேறு எங்கோ இருந்து படங்களைப் பார்த்து ரிப்போர்ட் மட்டும் எழுதுகிறார். மருந்து ஏற்றிய நேரத்தில் அந்தக் கட்டடத்தில் ஒரு டாக்டர்கூட இல்லை. வீக்கத்தை விடுங்கள், மூச்சுத் திணறியோ ரத்த அழுத்தம் விழுந்தோ இருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? அபூர்வம்தான், ஆனால் வந்தால் சில நிமிடங்களுக்குள் அட்ரினலின் ஊசி போட வேண்டியிருக்கும்.

அங்கிருந்து நேராக ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனோம். கையை இதய மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்து, குளிர் ஒத்தடம் கொடுத்து, விரல்களின் நிறத்தையும் உணர்ச்சியையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மரத்துப்போதல், கூடிக்கொண்டே போகும் வலி, கொப்புளம், விரல்கள் வெளுத்துப்போதல் இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் வரச் சொல்லி அனுப்பினார்கள். பெரும்பாலும் தானாக வற்றிவிடும் என்பது உண்மை. ஆனால் வீக்கம் உள்ளே அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்தால் கையைக் கீறித் திறக்கும் அளவுக்குப் போகலாம் என்றார் அந்த டாக்டர். நல்லவேளை, அம்மாவுக்கு வற்றிவிட்டது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில், கான்ட்ராஸ்ட் சரியாகப் பரவாததால் தெளிவாகச் சொல்ல இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி பணம் கட்ட வேண்டுமாம். பணத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது கதிர்வீச்சு. வயிற்று சி.டி. ஒன்றுக்குச் சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையாக ஒருவருக்கு ஆண்டுக்கு வருவது உலக சராசரியில் 2.4 தான். தேவைப்படும் ஸ்கேனுக்கு அந்த அளவு ஏற்றுக்கொள்ளக்கூடியது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். உபயோகமில்லாத ஒரு ஸ்கேனுக்காக அதை ஏன் வாங்க வேண்டும்?

இரண்டாவது ஸ்கேனை வேறு இடத்தில் எடுத்தோம். அங்கே நர்ஸ் முழங்கை மடிப்பில் நிதானமாக ஊசி ஏற்றி, சலைன் தள்ளிப் பார்த்தார். "முகம், தொண்டை, அடிவயிறு சூடாகும். வாயில ஒரு உலோக ருசி வரும். சிறுநீர் போயிட்ட மாதிரி தோணும், ஆனா போயிருக்காது. கையில வலிச்சா உடனே சொல்லுங்கம்மா, நிறுத்திடுவேன்" என்றார். மருந்து ஏறத் தொடங்கிய முதல் சில நொடிகள் அம்மாவின் கையைத் தொட்டபடியே நின்றார். ஸ்கேன் முடிந்தும் ஊசியை எடுக்காமல் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், ஏதாவது ஆனால் மருந்து ஏற்ற வழி இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு வாரம் வரைகூட தோலில் தடிப்பு வரலாம், வந்தால் சொல்லுங்கள் என்றும் சொன்னார்கள். அம்மா பயந்துகொண்டுதான் போனார், சிரித்துக்கொண்டு வந்தார்.

ஆகவே நேரம் பதியும்போதே, மருந்து ஏற்றும் சமயத்தில் டாக்டர் அங்கே இருப்பாரா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். இந்த ஸ்கேனுக்குக் கான்ட்ராஸ்ட் தேவைதானா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமும் கேட்கலாம். சிறுநீரகக் கல் பார்க்க வழக்கமாக அது வேண்டியதில்லை.

நாங்கள் எழுத்தில் புகார் கொடுத்தோம். கான்ட்ராஸ்ட் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். முன்கூட்டியே டிக் அடித்த படிவத்தைப் பற்றிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை, நகலும் தர மறுக்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட கையோடு அந்தப் படிவத்தைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.