வாட் மீட்டர் வந்தது, சார்ஜர் தப்பித்தது

நம் வாழ்க்கை முறைக்கு எவ்வளவு இயற்கை வளம் செலவாகிறது என்று கணக்குப் போடும் குளோபல் ஃபுட்பிரின்ட் நெட்வொர்க்கின் இணையக் கணிப்பானில் பதில்களைத் தட்டிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் போல் வாழ்ந்தால் 1.3 பூமி வேண்டுமாம். உலகக் கணக்கே சுமார் 1.7 என்பதால் கொஞ்சம் மிதப்புதான். ஆனால் மின்சாரக் கேள்விகளுக்கு நான் சொன்னது எல்லாம் உத்தேசம். அதனால்தான் பிளக் பாயின்ட்டில் செருகும் இந்த வாட் மீட்டரை 850 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் பெயர் தெரியாத ஒரு கம்பெனி.

முதலில் செல்போன் சார்ஜர். போனைக் கழற்றிய பிறகும் சுவிட்சை அணைப்பதில்லை என்று மகளை இரண்டு வருடமாகத் திட்டி வருகிறேன். செருகினால் திரையில் 0.0. மகள் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான். அம்மாவின் கிரைண்டர் 150 வாட். அரை மணி நேரம் ஓடினாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

யாரும் கண்டுகொள்ளாத செட் டாப் பாக்ஸ்தான் திருடன். ரிமோட்டில் அணைத்த பிறகும் 11 வாட். இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 16 யூனிட். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், டிவி பார்க்காமலே 11 கிலோ. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 1.6 யூனிட் காட்டியது. கதவு ரப்பரைத் துடைத்து, சுவரை ஒட்டி இருந்ததை ஒரு சாண் முன்னால் இழுத்தேன். மறுநாள் 1.3.

குறைகளும் உண்டு. திரையில் விளக்கு இல்லை, மேசைக்குக் கீழே டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். கரண்ட் போனால் அதுவரை சேர்ந்த கணக்கு அழிந்துவிடுகிறது. ஒரு முறை 22 மணி நேரக் கணக்கு அப்படித்தான் போனது. எல்லாவற்றையும்விட, சீலிங் ஃபேனை இதில் செருக முடியாது.

அதற்குக் காசே வேண்டாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. இபி மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். எங்கள் மீட்டரில் 3200 imp என்று இருக்கிறது, அதாவது யூனிட்டுக்கு 3200 சிமிட்டல். வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விட்டேன். பத்து நிமிடத்தில் 40 சிமிட்டல், ஆக 75 வாட். தம்பி வீட்டிலிருந்து, குறைவாகக் கரண்ட் இழுக்கும் பிஎல்டிசி ஃபேனைக் கொண்டு வந்து மாட்டி எண்ணினால் 15 சிமிட்டல்தான். உடனே இரண்டு ஃபேனை மாற்றினேன். இரண்டு மாத பில்லில் போன முறை 560 யூனிட், இந்த முறை 462. 500க்குக் கீழே வந்ததால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் மலிவு விலைக்குப் போய், பில் நன்றாகவே இறங்கியது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். தனக்கென்று வாங்க வேண்டிய பொருள் இல்லை, ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். தெருவுக்கு ஒன்று போதும். எங்களுடையது இப்போது மாடி வீட்டு அக்காவிடம் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு என்று வாங்கிப் போனார், மாதம் ஒன்றாகிறது.