ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் இரண்டு இரவுகள்

நியூசிலாந்தின் தென்தீவில் ஆறு வாரங்களாக மோட்டார்ஹோமையே வீடாகக் கொண்டு சுற்றிவரும் நாங்கள், சென்ற வாரம் புகாக்கி ஏரியை ஒட்டிய 80ஆம் எண் நெடுஞ்சாலை வழியே சென்று, 3,724 மீட்டர் உயரமுள்ள அவோராக்கி மலைக்கு அருகே இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் தங்கினோம். பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்திருப்பதால், அந்த ஏரி பாலில் நீலத்தைக் கரைத்தது போலிருக்கிறது. வழியில் மூன்று முறை வண்டியை நிறுத்திவிட்டோம்.

முகாமில் மின் இணைப்பு கிடையாது. அது தெரிந்தே சென்றோம் என்றாலும், வாடகை வண்டியின் பேட்டரி முதல் இரவே இறங்கி ஹீட்டர் நின்றுபோனதால், விடியற்காலையில் சன்னலின் உட்புறம் படிந்திருந்த நீர்த்துளிகள் உறைந்து கிடந்தன. எரிவாயு அடுப்பில் சுக்குக் காப்பி போட்டுக் குடித்த பிறகே விரல்கள் மடங்கின. குறை வண்டியுடையதே தவிர முகாமுடையது அன்று. கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன. ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை இங்கிருந்தே தொடங்குவதால், பகல் கூட்டம் வந்து சேருமுன் நடக்கத் தொடங்கிவிடலாம். செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானின் இருளைக் காக்கும் இருள்வான் காப்பகமாக 2012இல் அறிவிக்கப்பட்ட பகுதி இது. நடுங்கிக்கொண்டு வெளியே நின்றபோது தெரிந்த பால்வீதியை நான் வேறெங்கும் அவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. குளிர்காலத்தில் செல்வோர், பேட்டரியைச் சோதித்து, எரிபொருளையும் மளிகையையும் ட்வைசல் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு செல்லுங்கள்.