மைலேஜ் டியூனிங்னு சொல்லி 100 மில்லி பாட்டில் டெஸ்ட் காட்டினா தயவுசெஞ்சு நம்பாதீங்க

கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம், சுருக்கமா கார்ப்) இருக்கிற பைக் வெச்சிருக்கிறவங்க இத கொஞ்சம் பொறுமையா படிங்க. மைலேஜ் ஏத்தித் தரேன்னு சொன்ன ஒரு மெக்கானிக்கிட்ட வண்டிய விட்டு, நல்லா ஓடிட்டு இருந்த இன்ஜினுக்கு ஹெட் வேலை (வால்வு இருக்கிற மேல் பகுதிய கழட்டி சரி பண்றது) வர்ற அளவுக்கு ஆயிடுச்சு. காசு போனது கூட பரவால்ல, அவன் காட்டின டெஸ்ட்ட நான் கண்ணால பாத்து நம்பினேன், அதான் இன்னும் மனசு ஆறல. அதே டெஸ்ட்ட வேற யாருக்காவது காட்டினா அது எப்படி ஏமாத்துதுன்னு தெரியணும்ல, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

வண்டி 125 சிசி, ஆறு வருஷம் ஆச்சு, தினமும் போக வர 40 கிமீ. வாங்குன நாள்ல இருந்து டேங்க் ரொப்புற அன்னைக்கெல்லாம் கிமீயும் லிட்டரும் ஒரு சின்ன நோட்டுல எழுதி வெப்பேன். லிட்டருக்கு 55 சுத்தி வந்துட்டே இருந்துச்சு. கொஞ்ச மாசமா 52, 50ன்னு எறங்கி 48ல வந்து நின்னுச்சு. பிக்கப்ல பெருசா மாத்தம் இல்ல, புகை இல்ல, சத்தம் இல்ல, ஆனா மைலேஜ் மட்டும் போகுதுன்னா என்னமோ இருக்குன்னு தோணுச்சு. தெரிஞ்ச ஒருத்தர் சொன்னாருன்னு "மைலேஜ் ஸ்பெஷலிஸ்ட்"னு பேர் வாங்கியிருக்கிற ஒருத்தன்கிட்ட போனேன்.

போனதும் ரெண்டு தடவ ஆக்சிலரேட்டர முறுக்கிப் பாத்தான், சைலன்சர் வாயில விரல விட்டு தடவி கருப்பா இருக்குன்னு காட்டினான். "அண்ணா, வண்டி பெட்ரோல குடிக்குது, மிக்ஸிங் ரிச்சா போகுது, அதாவது காத்துக்கு பெட்ரோல் ஜாஸ்தி, முதல்ல இப்ப என்ன குடுக்குதுன்னு உங்க கண்ணு முன்னாடியே டெஸ்ட் பண்ணிடலாம்"னான். எனக்கு அது ரொம்ப நேர்மையா பட்டுச்சு.

டெஸ்ட் இப்படித்தான். கோடு போட்ட ஒரு ட்ரான்ஸ்பரண்ட் பாட்டில்ல சரியா 100 மில்லி பெட்ரோல் அளந்து ஊத்துனான். ஹேண்டில்பார்ல தொங்கவிட்டான். டேங்க் டியூப கழட்டிட்டு பாட்டில் டியூப கார்ப்ல மாட்டினான். மாட்டுறதுக்கு முன்னாடி கார்ப் அடியில இருக்கிற ட்ரெயின் ஸ்க்ரூவ தொறந்து உள்ள இருந்த பெட்ரோல வடிச்சுவிட்டான், "பழசு இருக்கக் கூடாதுண்ணா, கணக்கு சுத்தமா இருக்கணும்"னான். அப்புறம் என்ன பின்னாடி உக்கார வெச்சு ஓட்டினான். பாட்டில் காலியான அந்த செகண்டே நிறுத்தினான், ட்ரிப் மீட்டர்ல 3.6. "பாருங்கண்ணா, லிட்டருக்கு 36தான்."

என் நோட்டுல 48 இருக்கேன்னு அப்பவே கேட்டேன். "டேங்க் கணக்குல ஆயிரம் தப்பு வரும்ணா, பாட்டில் பொய் சொல்லாது"ன்னு சொன்னான். அந்த எடத்துல நான் நின்னிருக்கணும். ஆறு வருஷ நோட்டு ஒரு பக்கம், அரை மணி நேர பாட்டில் ஒரு பக்கம், நான் பாட்டில நம்பினேன்.

அப்புறம் கார்ப கழட்டி க்ளீன் பண்ணான், ஏதோ ஜெட் (பெட்ரோல் போற சின்ன ஓட்டை இருக்கிற திருகு) மாத்தினான், ஏர் ஸ்க்ரூவ திருப்பினான், ஐடிலிங்க எறக்கினான், பெட்ரோல் டியூப் மேல ரெண்டு துண்டு காந்தத்த வெச்சு ஸ்க்ரூ போட்டு முடுக்கினான். காந்தம் பெட்ரோல் அணுவ பிரிச்சு முழுசா எரிய வெக்கும்னு ஒரு விளக்கம் வேற. செட்டிங் பாக்கணும்னு டேங்க் பெட்ரோல்லயே அஞ்சு நிமிஷம் ஓட விட்டான். அதுக்கப்புறம் மறுபடி அதே பாட்டில், அதே 100 மில்லி, அதே ரோடு, அதே வேகம், பின்னாடி அதே நான். பாட்டில் காலியாச்சு, வண்டி போய்க்கிட்டே இருந்துச்சு, போய்க்கிட்டே இருந்து கடைசியில விக்கி விக்கி தானா நின்னுச்சு. ட்ரிப் மீட்டர்ல 5.9. "36 இருந்தது 59 ஆயிடுச்சு, சந்தோஷமாண்ணா"ன்னான். சந்தோஷமா காசு குடுத்துட்டு வந்தேன்.

இப்ப அந்த பாட்டில் கணக்க உடைக்கிறேன், நல்லா கவனிங்க. கார்புக்கு அடியில ஃப்ளோட் இருக்கிற ஒரு சின்ன கிண்ணம் இருக்கு, டேங்க்ல இருந்து வர்ற பெட்ரோல் முதல்ல அதுலதான் நிக்கும், அதுக்கப்புறம்தான் ஜெட் வழியா இன்ஜினுக்குப் போகும். முதல் டெஸ்ட்ல அந்த கிண்ணத்த வடிச்சு காலி பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சான். அப்ப பாட்டில் பெட்ரோல்ல ஒரு பங்கு அந்த கிண்ணத்த ரொப்பவே போயிடுச்சு, பாட்டில் காலியானதும் அவன் நிறுத்தினதால அது எரியவே இல்ல, கிண்ணத்துலயே நின்னுடுச்சு. ரெண்டாவது டெஸ்ட்ல கிண்ணம் டேங்க் பெட்ரோலால முன்னாடியே ரொம்பி இருந்துச்சு, அதோட பாட்டில் காலியான பிறகும் வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓட்டினான், அதாவது கிண்ணத்துல இருந்ததும் சேந்து எரிஞ்சுச்சு.

பின்னாடி நானே வண்டி நல்லா ஆறினதுக்கப்புறம், வெளியில காத்தாட நிறுத்தி வெச்சு, அந்த ட்ரெயின் ஸ்க்ரூவ தொறந்து கிண்ணத்த ஒரு டம்ளர்ல வடிச்சேன். ஊசி இல்லாத சிரிஞ்சால உறிஞ்சி அளந்தேன். என் வண்டிக்கு 25 மில்லி. அப்ப முதல் டெஸ்ட்ல எரிஞ்சது 75 மில்லி, 3.6 கிமீ ஓடுச்சு, லிட்டருக்கு 48. ரெண்டாவதுல எரிஞ்சது 125 மில்லி, 5.9 கிமீ ஓடுச்சு, லிட்டருக்கு 47. என் நோட்டு சொன்ன அதே 48! அவன் செஞ்ச வேலையால ஒரு சொட்டு கூட மிச்சம் ஆகல, ஆனா பாக்குறவன் கண்ணுக்கு 23 கிமீ ஏறின மாதிரி தெரியும். இந்த கணக்க பேப்பர்ல போட்டு முடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

சரி, மிச்சம் ஆகலன்னாலும் நஷ்டம் இல்லாம இருந்திருக்கலாம், அதுவும் இல்ல. வண்டி எடுத்துட்டு வந்த மறுநாள்ல இருந்தே சிக்னல்ல ஆஃப் ஆக ஆரம்பிச்சுச்சு, காலைல சோக் போட்டாலும் ரொம்ப நேரம் தடுமாறும். பிக்கப் செத்துப்போச்சு, முன்ன அரை ஆக்சிலரேட்டர்ல போன வேகத்துக்கு இப்ப முக்கால் முறுக்கணும். ஆக்சிலரேட்டர விட்டா சைலன்சர்ல படக் படக்னு வெடிக்குது. அவன்கிட்ட போன் பண்ணி கேட்டா "செட் ஆக கொஞ்ச நாள் ஆகும்ணா"ன்னான். முதல் டேங்க் கணக்கு 46 வந்துச்சு, அதாவது முன்ன இருந்தத விட கம்மி.

மூணாவது வாரம் பின்னாடி ஆள் வெச்சு ஒரு மேடு ஏறும்போது இன்ஜினுக்குள்ள கோலி குண்டு உருட்டுற மாதிரி சத்தம், இழுவையே இல்ல, கால் பக்கம் அனல் அடிக்குது. நிறுத்திட்டு ஆற விட்டு மறுபடி கிக்கர மிதிச்சா கிக்கர் பஞ்சு மாதிரி எறங்குது. அந்த நிமிஷம் வயித்துல புளியக் கரைச்சுது.

வேற ஒரு பெரியவர்கிட்ட தள்ளிட்டுப் போனேன். அவர் வாய தொறக்கறதுக்கு முன்னாடி ஸ்பார்க் ப்ளக்க கழட்டி என் உள்ளங்கையில வெச்சாரு. வெளுத்துப் போய் சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு, நடு பீங்கான்ல குட்டி குட்டியா கொப்புளம். "நல்லா எரியுற ப்ளக்கு லைட் காப்பி கலர்ல இருக்கணும் தம்பி, கரியா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, இப்படி வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தாம உள்ள வெந்துகிட்டு இருக்கு"ன்னாரு. கார்ப பிரிச்சா மெயின் ஜெட் மேன்யுவல்ல இருக்கிற நம்பர விட சின்ன நம்பர், நீடில் கிளிப்ப மேல் காடிக்கு ஏத்தி நீடில கீழ எறக்கி வெச்சிருக்கான், அதாவது எல்லா பக்கமும் பெட்ரோல் வழிய அடைச்சிருக்கான். ஹெட்ட எறக்கி பாத்தா எக்ஸாஸ்ட் வால்வு ஒரு ஓரத்துல கருகி அரிச்சுப் போயிருக்கு, கம்ப்ரஷன் அது வழியா வெளிய போயிருக்கு. பிஸ்டன் தப்பிச்சது அதிர்ஷ்டம்னு சொன்னாரு.

ஏன் இப்படி ஆகுதுன்னு அவர் சொன்னதையும் நான் அப்புறம் படிச்சதையும் சேத்து சொல்றேன். பெட்ரோல் முழுசா எரிய எடை கணக்குல ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காத்து வேணும். லோடு ஏறும்போது இன்ஜினுக்கு அதவிட கொஞ்சம் பெட்ரோல் ஜாஸ்தியா வேணும், கம்பெனி ஜெட் சைஸ் அத பாத்துத்தான் வெச்சிருக்கான். ஜெட்ட சின்னது பண்ணா கலவை மெதுவா எரியும், எக்ஸாஸ்ட் வால்வு தொறக்கும்போதும் உள்ள எரிஞ்சுகிட்டே இருக்கும், அந்த நெருப்பு வால்வு மேலயே பாயும். இழுவை குறையுறதால நாம இன்னும் முறுக்குவோம், அதனால மிச்சமும் ஆகாது.

காந்தம் பத்தி ஒரு வார்த்தை. பெட்ரோல காந்தம் ஒன்னும் பண்ணாது. அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இந்த மாதிரி எரிபொருள் மிச்சம் பண்ற கருவிங்கன்னு விக்கிறதுல 100க்கு மேல பரிசோதிச்சு பாத்திருக்காங்க, ஏதோ ரொம்ப சிலதுலதான் கொஞ்சமாவது பலன் தெரிஞ்சிருக்கு. இன்ஜெக்ஷன் வண்டி வெச்சிருக்கிறவங்களும் ஜாக்கிரத, அதுல ஜெட் கிடையாது, சைலன்சர் பைப்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சார பாத்து ஈசியூங்கிற சின்ன கம்ப்யூட்டர் தானே பெட்ரோல கூட்டிக் குறைக்கும், அந்த சென்சார் வயர்ல ஒரு சின்ன பாக்ஸ சொருகி மைலேஜ் ஏறும்னா அது சென்சாருக்கு பொய் சொல்ற வேலைதான்.

அப்ப 55 எப்படி 48 ஆச்சு? அந்த பெரியவர் ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சாரு. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல பின் வீல கையால சுத்தி விட்டாரு, அரை சுத்துல நின்னுடுச்சு. நல்ல வீல் சுத்திகிட்டே இருக்கணும். ப்ரேக் ட்ரம்முக்குள்ள ஷூவ தள்ளுற கேம் துருப்பிடிச்சு காஞ்சு போயி, பெடல விட்டாலும் ஷூ முழுசா திரும்பல, லேசா உரசிகிட்டே வந்திருக்கு. தினம் 40 கிமீ ப்ரேக் புடிச்சுகிட்டே ஓட்டியிருக்கேன். அதோட பின் டயர்ல 28 இருக்க வேண்டிய காத்து 19தான் இருந்துச்சு, அது என்னோட அலட்சியம், மறைக்க விரும்பல. செயினும் வறண்டு கெடந்துச்சு. கேம கழட்டி சுத்தம் பண்ணி க்ரீஸ் போட்டாரு, காத்து அடிச்சோம், செயினுக்கு ஆயில் விட்டோம். ஏர் ஃபில்டரையும் மாத்திட்டாரு, அது அவ்ளோ மோசம் இல்ல. கார்புக்கு பழைய சைஸ் ஜெட்டே போட்டு, வால்வு புதுசு போட்டு ஹெட் வேலையும் முடிஞ்சு இப்ப மூணு டேங்க் ஓட்டிட்டேன். 53, 55, 54.

டேங்க் கணக்குல தப்பு வரும்னு அவன் சொன்னதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, அதுக்கு வழி இருக்கு. ரொப்பும்போது வண்டி எப்பவும் சென்டர் ஸ்டாண்ட்ல நேரா நிக்கணும், நாசில் தானா கட் ஆன உடனே நிறுத்திடணும், வாய் வரைக்கும் ஊத்தக் கூடாது. பெட்ரோல் 10 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட ஒரு சதவீதம் விரியும், அதுக்கு டேங்க்ல எடம் வேணும். அஞ்சு லிட்டர் ரொப்புறப்போ 300 மில்லி முன்ன பின்ன ஆனாலே 48 இருக்கிறது 45ன்னோ 51ன்னோ காட்டும், அதனால ஒரு டேங்க் வெச்சு முடிவு பண்ணாதீங்க. மூணு டேங்க் மொத்த கிமீய மொத்த லிட்டரால வகுத்தா அந்த தப்பு கரைஞ்சிடும். 100 மில்லில அதே மாதிரி 25 மில்லி தப்பு வந்தா என்ன ஆகும்னு மேல பாத்தீங்க.

யாராவது ஏற்கனவே இந்த மாதிரி டியூனிங் பண்ணிட்டு வந்திருந்தா, அடுத்த சர்வீஸ் வரைக்கும் காத்திருக்காதீங்க. நாளைக்கு காலைல இன்ஜின் ஆறி இருக்கும்போது ப்ளக்க கழட்டி பாருங்க. வெளுத்திருந்தா மேடு, ஹைவே, டபுள்ஸ் எதுவும் வேணாம், பக்கத்துல இருக்கிற நம்பிக்கையான ஆள்கிட்ட மெதுவா ஓட்டிட்டுப் போயி மேன்யுவல்ல இருக்கிற ஜெட் நம்பர காட்டி அதையே போடச் சொல்லுங்க, கழட்டின ஜெட்ட கையில வாங்கி மேல பொறிச்சிருக்கிற நம்பர நீங்களே படிச்சுப் பாருங்க.